முதலில் தேதியைப் பாருங்கள்: 1923-ன் ஜெர்மன் அவசரப் பணத்தாள்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

இதை எழுதும்போது என் மேசையில் ஒரு தாள் இருக்கிறது. 50 லட்சம் மார்க் என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு பக்கம்தான் அச்சு. மறுபக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் யாரோ பென்சிலால் மூன்று வரிக் கூட்டல் ஒன்று போட்டு, கீழே கோடும் இழுத்து, விடை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். இந்த நோட்டை வெளியிட்டது ஜெர்மனியின் மத்திய வங்கி அல்ல, சாக்சனியில் இருந்த ஒரு நூற்பாலை. தேதி 1923 ஆகஸ்ட் 15.

இப்படிப்பட்ட தாள்களைப் புதிதாக வாங்குகிறவர்கள் சைபர்களை எண்ணிப் பார்த்து வியந்துவிட்டு அப்படியே ஆல்பத்தில் செருகிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்காது. யார், யாருக்கு, எவ்வளவு, எந்த நாளுக்குள் கொடுப்பதாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் அந்தச் சின்னத் தாளிலேயே இருக்கிறது. படிக்க ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதினைந்து இருபது சொற்களும் கொஞ்சம் பொறுமையும் போதும். நான் தட்டுத் தடுமாறிப் பழகிய வரிசையில் சொல்கிறேன்.

இந்தத் தாள்களை ஜெர்மனியர்கள் நோட்கெல்ட் என்பார்கள். அதில் வரும் 'நோட்' நம்முடைய நோட்டு இல்லை. நெருக்கடி, இல்லாத குறை என்று அதற்குப் பொருள். 'கெல்ட்' என்றால் பணம்.

இவை ஏன் வந்தன என்று ஒரு பார்வை

1914-ல் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.20 மார்க். முதல் உலகப் போரின் செலவை ஜெர்மனி பெரும்பாலும் கடன் வாங்கியே ஓட்டியது. தோற்ற பிறகு இழப்பீட்டுச் சுமையும் சேர்ந்தது. 1923 ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் நிலக்கரியும் இரும்பும் விளையும் ரூர் பகுதிக்குள் நுழைந்தன. அங்கிருந்த தொழிலாளர்கள் படையினருக்காக வேலை செய்ய மறுத்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று அரசு பணம் கொடுத்தது. வரியாக வந்த பணம் எட்டவில்லை, அச்சடித்த பணம்தான் போனது.

அந்த ஆண்டின் முடிவில் ரைக்ஸ்பாங்க் என்ற மத்திய வங்கிக்காக 30-க்கும் மேற்பட்ட காகித ஆலைகளும் 130-க்கும் மேற்பட்ட அச்சகங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியும் பற்றவில்லை. ஓர் ஆலையின் கணக்குப்பிள்ளை கூலி நாளன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போகிறார். 'இன்றைக்கு நோட்டு வரவில்லை' என்கிறார்கள். ஆலை வாசலில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். நாளைக்குக் கொடுத்தால் அதே கூலிக்குப் பாதி ரொட்டிதான் கிடைக்கும். அவருக்கு வேறு என்ன வழி? உள்ளூர் அச்சகத்துக்கு ஓடி, ஆலையின் பெயரிலேயே தாள் அடித்துக் கொடுப்பதுதான். ஆகஸ்ட் 10 அன்று பெர்லின் அரசு அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து நோட்டு அச்சே நின்றுபோனது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஆகஸ்ட் 1923 என்று தேதியிட்ட தாள்கள் ஏராளமாக உங்கள் கையில் வந்து சேர்வதற்கு இது ஒரு காரணம்.

அந்த ஒரே ஆண்டில் தாள் வெளியிட்டவர்கள் 5,800-க்கும் மேல். நகராட்சி, மாவட்டம், சேமிப்பு வங்கி, வணிகச் சங்கம், ரயில்வே, சுரங்கம், சாயத் தொழிற்சாலை, நூற்பாலை என்று பட்டியல் நீளும்.

முதல் படி: எந்தக் காலத்துத் தாள் என்று பிரியுங்கள்

கடையில் 'அதீதப் பணவீக்கக் காலத்து நோட்டு' என்று கொடுப்பதில் பாதி அந்தக் காலத்தது அல்ல. நோட்கெல்ட் பல அலைகளாக வந்தது.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் மக்கள் நாணயங்களைப் பதுக்கினார்கள். அப்போது வந்தவை எளிய சிறு தாள்கள். 1916-லிருந்து செம்பும் நிக்கலும் போருக்குப் போய்விட, சில்லறைக்குப் பதிலாக 10, 25, 50 பென்னிக் தாள்கள் வந்தன. 100 பென்னிக் சேர்ந்தது ஒரு மார்க். 1918-ன் கடைசியில் 5, 10, 20, 50 மார்க் தாள்களை ஊர்களே வெளியிட்டன. 1920 முதல் 1922 வரை வந்தவைதான் கண்ணைப் பறிக்கும் வண்ணத் தாள்கள். ஊர்க் கோட்டை, நாட்டுப்புறக் கதை, பாட்டு வரி என்று ஒரே ஊர் ஆறு, எட்டு படங்கள் கொண்ட வரிசையாக அச்சிட்டது. அவற்றில் பெரும்பாலானவை சேகரிப்பாளருக்கு விற்பதற்கென்றே அடித்தவை, சந்தையில் புழங்கியதே இல்லை. 1922 ஜூலையில் ஒரு சட்டம் அந்தப் போக்குக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆகவே உங்கள் கையில் இருப்பது 50 பென்னிக் என்று சொல்லும் அழகான வண்ணப்படத் தாள் என்றால், அது பெரும்பாலும் பணவீக்க உச்சத்துக்கு முந்தியது. 1922 செப்டம்பரிலிருந்து 100, 500, 1,000 மார்க் என்று மீண்டும் தொடங்கி, 1923-ல் லட்சத்துக்கும் கோடிக்கும் ஏறியவைதான் இந்தக் கட்டுரையின் பொருள். இவை பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. அவசரமாக அடித்தவை. எனக்கு இவைதான் நெருக்கமானவை.

இரண்டாம் படி: அரசுத் தாளையும் மற்றதையும் பிரியுங்கள்

தாளின் மேற்பகுதியில் 'ரைக்ஸ்பாங்க்நோட்டெ' என்று இருந்தால் அது மத்திய வங்கியின் நோட்டு. எத்தனை சைபர் இருந்தாலும் நோட்கெல்ட் ஆகாது. 1922 டிசம்பர் 15 என்று தேதியிட்ட 1,000 மார்க் ரைக்ஸ்பாங்க் நோட்டின் குறுக்கே சிவப்பு எழுத்தில் 100 கோடி என்று மேலச்சு போட்டதைப் பலர் நோட்கெல்ட் என்று நினைத்து வாங்குகிறார்கள். பழைய நோட்டையே எடுத்து மதிப்பை மாற்றி மத்திய வங்கி 1923 செப்டம்பரில் விட்டது அது. பவேரியா, சாக்சனி, வூர்ட்டெம்பெர்க், பாடன் ஆகிய நான்கு இடங்களில் நோட்டு வெளியிடும் உரிமை பெற்ற பழைய வங்கிகள் இருந்தன. அவற்றின் நோட்டுகளும் இந்தக் கணக்கில் சேரா.

வெளியிட்டவரைக் காட்டும் சொற்கள் இவை. ஒலிப்பையே தமிழில் தருகிறேன். 'ஷ்டாட்' நகரம். 'கெமைண்டெ' சிற்றூர் நிர்வாகம். 'கிரைஸ்' மாவட்டம். 'ஷ்பார்காஸெ' சேமிப்பு வங்கி. 'ஹாண்டெல்ஸ்காமர்' வணிகச் சங்கம். 'ரைக்ஸ்பான்' ரயில்வே. 'ஃபாப்ரிக்' தொழிற்சாலை. 'ஷ்பின்னெரை' நூற்பாலை. 'ட்செஹெ' நிலக்கரிச் சுரங்கம். பெயருக்குப் பின்னால் ஏ.ஜி. என்று வந்தால் பங்குகள் கொண்ட நிறுவனம், ஜி.எம்.பி.எச். என்றால் வரையறுத்த பொறுப்புடைய நிறுவனம்.

தனியார் தாள்களில் உங்களுக்குப் பெயர் தெரிந்தவர்களும் இருப்பார்கள். லெவர்குசெனில் இருந்த பேயர் சாயத் தொழிற்சாலை, லூட்விக்ஸ்ஹாஃபெனில் பாஸ்ஃப் (BASF) ரசாயன ஆலை, எஸ்ஸெனில் குருப்ப் எஃகு ஆலை எல்லாமே தங்கள் பெயரில் தாள் விட்டன. வீட்டு மருந்துப் பெட்டியில் பார்த்த பெயரைப் பணத்தாளில் பார்க்கும்போது ஒரு சிலிர்ப்பு வரும். ஆனால் பெயர் தெரியாத சின்ன ஆலைத் தாளை ஒதுக்கிவிடாதீர்கள். அவை குறைவாக அச்சிடப்பட்டவை, அந்த ஊரின் கதை பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும்.

எழுத்துரு ஒரு தொல்லை. பல தாள்கள் ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் கோண எழுத்தில் இருக்கும். சொல்லின் நடுவில் எஃப் போலத் தெரிவது பெரும்பாலும் எஸ். பெரிய எழுத்தில் பி-யும் வி-யும் ஒன்றுபோலத் தெரியும். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி இந்த எழுத்தில் அடிக்கடி தடுக்கிவிழும். ஊர்ப் பெயரை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள், பிறகு தேடுங்கள்.

ஊரைத் தேடும்போது இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. நாய்ஷ்டாட் என்ற பெயரில் மட்டும் எத்தனையோ இருக்கின்றன. பெயருக்குப் பின்னால் ஆற்றின் பெயரோ வட்டாரத்தின் பெயரோ இருந்தால் அதை விடாதீர்கள். மைன் ஆற்றங்கரை ஃபிராங்க்ஃபர்ட் வேறு, ஓடர் ஆற்றங்கரை ஃபிராங்க்ஃபர்ட் வேறு. அடுத்தது, அன்று ஜெர்மனியில் இருந்த பல ஊர்கள் இன்று போலந்திலும் ரஷ்யாவிலும் இருக்கின்றன. ப்ரெஸ்லாவ் இன்று விரோட்ஸ்வாஃப், கோனிக்ஸ்பெர்க் இன்று கலினின்கிராட். இன்றைய வரைபடத்தில் ஊர் கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள்.

மூன்றாம் படி: எண்ணை நம் கணக்குக்கு மாற்றுங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் நிச்சயம் வழுக்குவார்கள். ஜெர்மன் எண்ணுச் சொற்கள் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகா.

டவுசண்ட்: 1,000
மில்லியோன்: 10 லட்சம்
மில்லியார்டெ: 100 கோடி
பில்லியோன்: 1 லட்சம் கோடி

ஆங்கிலத்தில் பில்லியன் என்றால் 100 கோடி. ஜெர்மன் பில்லியோன் அதைப்போல 1,000 மடங்கு. இதைக் கவனிக்காமல் விற்பனைக் குறிப்பில் தப்பாகப் போட்டிருப்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். ஆங்கிலத்தை நடுவில் நுழைக்காமல் நேராகக் கோடிக்கு மாற்றிவிடுங்கள். லட்சம் கோடி என்று நாம் அன்றாடம் பட்ஜெட் செய்தியில் கேட்கிற அளவுதான் பில்லியோன். அதனால் நமக்கு இது எளிது.

ஜெர்மனியர் ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளியும், பென்னிக்கைப் பிரிக்கக் கமாவும் போடுவார்கள். 4,20 என்று இருந்தால் நானூற்று இருபது அல்ல, நாலு மார்க் இருபது பென்னிக்.

நான்காம் படி: தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். தேதி தெரியாவிட்டால் 50 லட்சம் என்ற எண் எதையும் சொல்லாது. ஜூலையில் அது ஒரு தொழிலாளியின் பல வாரக் கூலி. அக்டோபரில் தரையில் கிடந்தாலும் யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள்.

ஒரு டாலருக்கு எத்தனை மார்க் என்ற வரிசையைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1923-ன் மாதங்களுக்குச் சராசரி தருகிறேன்.

1914 ஜூலை: 4.20
1923 ஜனவரி: 17,972
ஜூலை: 3,53,412
ஆகஸ்ட்: 46,20,455
செப்டம்பர்: சுமார் 9 கோடியே 88 லட்சம்
அக்டோபர்: சுமார் 2,526 கோடி
நவம்பர் 20: 4,20,000 கோடி

இவை மாதச் சராசரிகள். மாதத்துக்குள்ளேயே தரையும் மலையும் போல வித்தியாசம் இருந்தது. அக்டோபர் 1 அன்று டாலர் 24 கோடியே 20 லட்சம். நவம்பர் 1 அன்று 13,000 கோடி. ஆனால் ஆரம்பத்துக்குச் சராசரியே வழிகாட்டும்.

இப்போது என் மேசையில் இருக்கும் நூற்பாலைத் தாளை எடுத்துக்கொள்வோம். 50 லட்சம் மார்க், ஆகஸ்ட் 15. ஆகஸ்ட் சராசரிப்படி ஒரு டாலரும் கொஞ்சமும். கூலியாக வாங்கிய பெண் அன்று மாலையே கடைக்குப் போயிருந்தால் கைநிறைய எதையாவது வாங்கியிருப்பாள். செப்டம்பர் வரை மடித்து வைத்திருந்தால் 5 சென்ட். அக்டோபரில் ஒரு சென்ட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. நவம்பர் 20 அன்று ஒரே ஒரு சென்ட்டுக்கு இப்படிப்பட்ட தாள் 8,400 வேண்டும். பெர்லினில் ஒரு ரொட்டி அந்த மாதம் சுமார் 20,000 கோடி மார்க்.

நீங்களும் இந்தக் கணக்கை ஒவ்வொரு தாளுக்கும் போட்டுப் பாருங்கள். தாளின் எண்ணை அந்த மாத விகிதத்தால் வகுத்தால் போதும். நான் முதல் தடவை போட்டபோது அந்தப் பென்சில் கூட்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டிக்கொண்டிருக்கும்போதே விலை மாறுகிற நாட்கள் அவை.

தேதியைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை. தாளில் இரண்டு தேதிகள் இருக்கலாம். ஒன்று வெளியிட்ட நாள், இன்னொன்று செல்லுபடி முடியும் நாள். 'கியூல்டிக் பிஸ்' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது வகை. 'ஊரின் பெயர், டென்' என்று தொடங்கி நாளும் மாதமும் வந்தால் அது வெளியிட்ட நாள்.

ஐந்தாம் படி: வாக்குறுதியைப் படியுங்கள்

பெரிய எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. தாளின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

தனியார் தாள் பெரும்பாலும் தன்னைப் பணம் என்று சொல்லிக்கொள்ளாது. 'கூட்ஷைன்' என்று தொடங்கும், அதாவது இத்தனை மதிப்புக்கான சீட்டு. நிறைய நிறுவனங்கள் இன்னொரு உபாயம் செய்தன. தாளைக் காசோலையாகவே அச்சிட்டன. 'ஷெக்' என்று மேலே இருக்கும், ஒரு வங்கியின் பெயர் இருக்கும், 'எங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு கொடுக்கவும்' என்று வாசகம் இருக்கும். நோட்கெல்ட் வெளியிட 1922 சட்டப்படி நிதியமைச்சகத்தின் அனுமதி வேண்டும். தன் கணக்கின் மேல் காசோலை எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒரே அளவில், ஒரே தொகையில், வரிசை எண்ணோடு ஆயிரக்கணக்கில் அச்சடித்த காசோலையைப் பார்த்தால், அது கூலி கொடுக்க அடித்ததுதான் என்று எண்ணலாம்.

அடுத்து 'ட்சால்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'கொடுக்கும்' என்று பொருள். அதற்கு முன்னால் இருப்பவர்தான் பொறுப்பேற்றவர். நகரத் தாள் என்றால் நகரக் கருவூலம், ஆலைத் தாள் என்றால் ஆலையின் காசாளர் அறை. 'ஐன்லீஃபெரர்', 'யூபெர்பிரிங்கர்' என்றால் கொண்டுவந்து கொடுப்பவர். 'ஔஃப்ருஃப்' என்று இருந்தால் திரும்ப அழைப்பு: செய்தித்தாளில் அறிவிப்பு வரும், அதிலிருந்து இத்தனை நாளுக்குள் மாற்றிக்கொள்ளாவிட்டால் தாள் செல்லாது என்று அர்த்தம்.

இந்த வாசகத்தில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால்தான் இந்தத் தாள்கள் முழுசாக விளங்கும். சட்டம் ஈடு வைக்கச் சொன்னது, ஆனால் அனுமதியே வாங்காமல் வெளியிட்டவர்கள் ஏராளம். ஓர் ஆலை ஆகஸ்டில் தாள் கொடுத்து வேலையை வாங்கிக்கொண்டது. துணி விற்றது. தாள் திரும்பி வருகிற செப்டம்பரில் அதே 50 லட்சத்தை அது எண்ணிக்கொடுத்தால் போதும். அதன் மதிப்பு இருபதில் ஒரு பங்காகியிருக்கும். வாக்குறுதி எழுத்துப்படி நிறைவேறியது, நஷ்டம் முழுக்கத் தாளை வைத்திருந்தவர் தலையில் விழுந்தது. எல்லா நிறுவனங்களும் அந்த எண்ணத்தோடு செய்தன என்று சொல்ல மாட்டேன். கூலி கொடுக்க வேறு வழியே இல்லாமல் அச்சடித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கணக்கு இப்படித்தான் ஓடியது.

இந்த ஓட்டத்தை நிறுத்தியது நவம்பர். 15-ஆம் தேதி ரென்டென்மார்க் என்ற புதிய பணம் வந்தது. ஒரு ரென்டென்மார்க்குக்குப் பழைய மார்க் 1 லட்சம் கோடி. புதிதாக நாணய ஆணையராக வந்த யால்மார் ஷாக்ட் காலத்தில், நவம்பர் 22 முதல் நோட்கெல்டை வாங்க மாட்டோம் என்று ரைக்ஸ்பாங்க் அறிவித்தது. ரைன் பகுதித் தொழிலதிபர்கள் கொந்தளித்தார்கள். நவம்பர் 25 அன்று ஷாக்ட் கொலோனுக்கே போய் அவர்களை நேருக்கு நேர் சந்தித்தார், முடிவை மாற்றவில்லை. அன்னியப் படை இருந்த பகுதிகளில் மட்டும் நோட்கெல்ட் இன்னும் சில காலம் புழங்கியது. ஆகவே 1923 டிசம்பர், 1924 என்று தேதி வந்தால், ஊர் எந்தப் பகுதியில் இருந்தது என்று முதலில் பாருங்கள்.

விதிவிலக்காக ஒரு வகை: மதிப்பு மாறாத தாள்கள்

'வெர்ட்பெஷ்டெண்டிக்' என்ற நீண்ட சொல் தாளில் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். மதிப்பு நிலையானது என்று பொருள். 1923 அக்டோபர், நவம்பரில் இவை வந்தன. இவற்றில் கோடிகள் இருக்கா. 0,42 தங்க மார்க், 1,05, 2,10, 4,20 என்று சின்னச் சின்ன எண்கள் இருக்கும். ஏன் இந்த விசித்திரத் தொகைகள்? 4.20 தங்க மார்க் ஒரு டாலர். ஆக 0,42 என்பது டாலரில் பத்தில் ஒன்று, 1,05 கால் டாலர், 2,10 அரை டாலர்.

புதியவர்கள் இவற்றைச் 'சின்ன நோட்டு' என்று தள்ளிவிடுகிறார்கள், அது பெரிய தவறு. இவற்றுக்கு உண்மையான மதிப்பு இருந்ததால் மக்கள் தவறாமல் கொண்டுபோய் மாற்றிக்கொண்டார்கள். தப்பி மிஞ்சியவை குறைவு. கோடித் தாள்கள் மாற்றப் பயனில்லாமல் வீடுகளிலேயே கட்டுக்கட்டாகத் தங்கிவிட்டன. அதனால்தான் அவை இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன.

ஆறாம் படி: தாளையும் அச்சையும் கண்ணால், விரலால் பாருங்கள்

வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நல்ல அச்சகத்துத் தாளில் நீர்க்குறி தெரியும். சாய்சதுரம், அலை, அறுகோணம் போன்ற திரும்பத் திரும்ப வரும் கோலங்கள் பொதுச் சந்தையில் கிடைத்த பாதுகாப்புத் தாள்கள். பல ஊர்கள் அதையே வாங்கின. நீர்க்குறி இல்லாததால் மட்டும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கைக்கு வந்த காகிதத்தில் அடித்தவர்கள் நிறையப் பேர்.

வரிசை எண், கையெழுத்து, முத்திரை மூன்றையும் சரிபாருங்கள். வரிசை எண் இல்லாமலும் கையெழுத்து இல்லாமலும் இருந்தால் அது புழக்கத்துக்கு வராத மிச்சத் தாளாக இருக்கலாம். 'முஸ்டர்' என்றால் மாதிரித் தாள். 'எண்ட்வெர்டெட்' என்று முத்திரையோ ஓட்டையோ இருந்தால், மாற்றிக்கொடுத்தபின் செல்லாததாக்கப்பட்டது. அதை நான் குறையாக நினைக்க மாட்டேன். அந்தத் தாள் போய், திரும்பி, கணக்குத் தீர்ந்த சான்று அது.

பட்டு, மெல்லிய தோல், பழுப்பு நிற மண்பாண்டம் என்று விசித்திரப் பொருள்களிலும் நோட்கெல்ட் வந்தது. பீலெஃபெல்ட் நகரச் சேமிப்பு வங்கி பட்டிலும் துணியிலும் அடித்தது, மைஸென் பீங்கான் ஆலை காசுகள் செய்தது. பார்க்க அற்புதமானவை, வாங்க ஆசை வரும். தொடங்கும்போது அவற்றின் பின்னால் போக வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றில் பெரும்பகுதி சேகரிப்பாளரை நினைத்துச் செய்தவை. வடிவமைப்பில் ஆர்வம் இருந்தால் 1923 ஆகஸ்டில் துரிங்கியா மாநில வங்கிக்காக ஹெர்பெர்ட் பேயர் வரைந்த தாள்களைப் பாருங்கள். அப்போது அவருக்கு 23 வயது, வைமாரில் பௌஹௌஸ் கலைப்பள்ளி மாணவர். வளைவு, நெளிவு, கோட்டை, கழுகு எதுவும் இல்லை. தடித்த எழுத்து, பெரிய எண், ஒரே பார்வையில் படித்துவிடலாம். வரிசையில் நிற்கிற மனிதருக்கு அதுதானே வேண்டும்?

ஏழாம் படி: வாங்கும்போது

எண் பெரியது, ஆகவே விலை அதிகம் என்று சொல்பவரிடம் நகர்ந்துவிடுங்கள். விலையைத் தீர்மானிப்பது வெளியிட்டவர் யார், எத்தனை தாள் மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான். ரயில்வே தாள்கள் நாடெங்கும் புழங்கியவை, குறைந்த விலைக்குக் கிடைக்கும். படித்துப் பழக அவை மிகவும் பொருத்தம். பத்துப் பதினைந்து வாங்கி, மேலே சொன்ன ஆறு படிகளையும் ஒவ்வொன்றிலும் செய்து பாருங்கள்.

போலிகளில் ஒரு வகை இன்றைய அச்சுப்பொறியில் எடுத்த நகல். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் விளிம்பில் வண்ணப் புள்ளிகள் சிதறித் தெரியும். அன்றைய அச்சில் மை ஒரே பரப்பாக, சில இடங்களில் காகிதத்தில் அழுந்தியே இருக்கும். புற ஊதா டார்ச் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய வெள்ளைக் காகிதம் அதன் கீழே நீலமாகப் பளீரென்று ஒளிரும், 1923 காகிதம் மங்கிக் கிடக்கும்.

இன்னொரு வகை நயவஞ்சகமானது. தாள் உண்மையானது, மேலச்சு மட்டும் பிற்பாடு போட்டது. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். 1922-ன் 500 மார்க் நகராட்சித் தாள், குறுக்கே சிவப்பில் 50 லட்சம். ஒரு விற்பனையாளர் நல்ல விலை சொன்னார், சந்தோஷமாகக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோது நடுமடிப்பில் கண் நின்றது. தாளின் கறுப்பு அச்சு மடிப்பில் தேய்ந்து வெள்ளை இழை தெரிந்தது. சிவப்பு மையோ அந்த வெள்ளை இழைக்குள்ளேயே ஊறி இறங்கியிருந்தது. தாள் மடிந்து தேய்ந்த பிறகுதானே மை அங்கே போக முடியும்? அன்றிலிருந்து மேலச்சுத் தாள் என்றால் மடிப்பைத்தான் முதலில் பார்க்கிறேன். உண்மையான மேலச்சு தாளோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

எட்டாம் படி: வைத்துக் காப்பது

கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள். இந்த நான்கிலும் எதைச் செய்தாலும் தாளை மீட்க முடியாது. பி.வி.சி. உறையில் வைத்தால் சில ஆண்டுகளில் பிசுபிசுப்பு ஏறும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். அவசரத்தில் அடித்த மலிவுக் காகிதத்தில் அமிலம் அதிகம், விளிம்புகள் ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருக்கும். கடலோர ஊர்க்காரர்களுக்கு ஈரம்தான் முதல் எதிரி. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள். ராமபாணப் பூச்சி ஒரே வாரத்தில் ஓரத்தை அரித்துவிடும்.

பின்பக்கத்தில் பென்சில் எழுத்து இருந்தால் ரப்பரால் தொடவே கூடாது.

கடைசியாக ஒரு குறிப்பட்டை

தாளோடு ஓர் அட்டை வையுங்கள். தாளின் மேல் எதையும் எழுத வேண்டாம், அட்டையில் எழுதுங்கள். ஊர், இன்றைய நாடு, வெளியிட்டவர், தொகை கோடிக் கணக்கில், வெளியிட்ட நாள், செல்லுபடி நாள், அந்த மாத டாலர் விகிதம், அதன்படி மதிப்பு, பொறுப்பேற்றவர் யார், நீர்க்குறி, நிலை. யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்பதும் இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்து அது உங்களுக்கே மறந்துபோகும்.

என் நூற்பாலைத் தாளின் அட்டை இப்படி முடிகிறது: 'ஆகஸ்ட் சராசரியில் 1 டாலர் 8 சென்ட். கொடுக்க வேண்டியவர்: ஆலைக் காசாளர். செல்லாததாக்கிய முத்திரை இல்லை, ஆகவே திரும்பிப் போகவில்லை. பின்பக்கம்: பென்சில் கூட்டல், மூன்று வரி, விடை எழுதவில்லை.'